ஆவியில் பிறக்கும் எரிசாராயம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. அடியில் எஞ்சுவதே கோவா. சாராய ஆலையிலோ எஞ்சுவது கழிவு, ஆவிதான் சரக்கு!

ராஜபாளையம் வட்டாரத்திலும் விளையும் கரும்பே இதற்கு மூலம். சர்க்கரையைப் பிரித்தபின் ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு மொலாசஸ் எனப்படும். அதை நீரில் கரைத்து ஈஸ்ட் சேர்த்தால், எஞ்சிய சர்க்கரை எத்தில் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. இப்படிப் புளித்த கரைசலில் ஆல்கஹால் சுமார் 8 முதல் 10 விழுக்காடுதான்.

இதை எப்படிச் செறிவாக்குவது? நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எத்தில் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கரைசலைக் கொதிக்க வைத்தால் ஆவியில் ஆல்கஹாலின் பங்கு மிகுதி. கோபுரம் போன்ற கலத்தில் ஆவி தட்டுத் தட்டாக மேலேறும். குளிர்ந்த திரவம் கீழே வழியும். ஒவ்வொரு தட்டிலும் ஆவியில் நீரின் பங்கு குறைகிறது. ஆயினும் எடையளவில் 95.6 விழுக்காட்டை எட்டியதும் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடுகின்றன. அதற்குமேல் வெறுமனே காய்ச்சி வடித்துப் பயனில்லை. இவ்வாறு கிடைக்கும் எரிசாராயமே மருந்துக்கும் மதுவகைகளுக்கும் போகிறது.

மெத்தில் ஆல்கஹால் இதன் உடன்பிறப்பு, ஆனால் நஞ்சு. உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இதன் கொதிநிலை 65 டிகிரி. இந்த 13 டிகிரி வேற்றுமையை ஆய்வுக்கூடம் அறியும்; நாக்கும் மூக்கும் அறியமாட்டா!