நம்பகமான கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பை வடிவமைத்தல்

கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பு என்பது ஒரு வீடு, பள்ளி, அலுவலகம் அல்லது வளாகத்துக்குள் இருக்கும் கணினிகளையும் கைப்பேசிகளையும் வானொலி அலைகளால் இணைக்கும் அமைப்பாகும். வைஃபை என்று நாம் அழைப்பது இதைத்தான். இதற்கான ஐ.இ.இ.இ. 802.11 செந்தரம் 1997 இல் வெளியானது. கருவியை வாங்கி மின்சாரம் கொடுத்தால் வலையமைப்பு இயங்கத் தொடங்கிவிடும். அது மழைக்காலத்திலும், தேர்வு நாளிலும், எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதும் இயங்க வேண்டுமானால் திட்டமிடல் தேவை.

நம்பகத்தன்மையின் கணக்கு

ஒரு வலையமைப்பு ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்றால் 3.65 நாள்கள் இயங்கவில்லை என்று பொருள். 99.9 விழுக்காடு என்றால் அந்த இழப்பு ஏறத்தாழ 8.8 மணி நேரமாகக் குறைகிறது.

வலையமைப்பு ஒரு சங்கிலி போன்றது. மின்சாரம், இணைய இணைப்பு, அணுகுமுனை ஆகிய மூன்றும் தனித்தனியே 99 விழுக்காடு நேரம் இயங்கினாலும், மூன்றும் சேர்ந்து இயங்கும் நேரம் 0.99 × 0.99 × 0.99, அதாவது ஏறத்தாழ 97 விழுக்காடுதான். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 நாள்கள் போய்விடும். மாறாக, ஒன்றையொன்று சாராத இரண்டு இணைய இணைப்புகள் இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் அறுபடும் வாய்ப்பு 0.01 × 0.01 தான். ஆகவே சங்கிலியின் பலவீனமான கண்ணியைக் கண்டுபிடித்து, அதற்கு மாற்று ஏற்பாடு செய்வதே வடிவமைப்பின் முதல் வேலை.

இடத்தை ஆராய்தல்

அலைகள் பரவும் விதம் இடத்துக்கு இடம் மாறும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் பாறைக் குன்றுகளும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த ஊர். இத்தகைய ஊரில் வெட்டுகல் சுவர், கான்கிரீட் தளம், அடர்ந்த மரம் ஆகியவை அலையைத் தடுக்கும். மழைத்துளிகள் வைஃபை அலைகளைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் நனைந்த இலைகள் அலையை நன்றாக உறிஞ்சும். இலையுதிர்ந்த ரப்பர் மரங்களுக்கு ஊடாகச் சோதித்துப் பார்த்த இணைப்பு, துளிர்த்த பிறகு மழையில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

குறிப்பலையின் வலிமை டி.பி.எம். என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மதிப்பு 3 குறைந்தால் திறன் பாதியாகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 குறைகிறது, அதாவது திறன் நான்கில் ஒரு பங்காகிறது. காணொளி உரையாடலுக்குப் பயனாளர் அமரும் இடத்தில் −67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் பொது வழக்கம். கைப்பேசிச் செயலியைக் கொண்டே ஒவ்வோர் அறையிலும் இதை அளந்து, கட்டட வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம். கதவுகளை மூடிவைத்து அளப்பது நல்லது.

அலைவரிசைத் தேர்வு

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2005 இல் உரிமம் தேவையற்றதாக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வெளிப்புறப் பயன்பாடு 2018 இல் விரிவாக்கப்பட்டது. 2.4 சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும்; ஆனால் அங்கு நெரிசல் மிகுதி. அதிலுள்ள 13 தடங்களில் ஒன்றோடொன்று மோதாதவையாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 என்ற மூன்றே. அருகருகே உள்ள அணுகுமுனைகளுக்கு இவற்றை மாறிமாறித் தர வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே பகுதியில் இரைச்சல் எழுப்பும். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், வேகமும் கூடுதல். ஆனால் ஓரிரு சுவர்களைக் கடந்ததும் அது தளர்ந்துவிடும்.

அணுகுமுனையின் திறனை உச்சத்தில் வைப்பதால் பயன் குறைவு. அதன் பேச்சு கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் மெலிந்த பதில் அதற்குக் கேட்காது. மிதமான திறனில் இரண்டு அணுகுமுனைகள் வைப்பது மேல்.

கொள்ளளவு

ஒரு தடத்தில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும். ஒரே வகுப்பில் பல மாணவர் பேசுவது போல, மற்றவை தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 40 மாணவர்கள் ஆளுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் பயன்படுத்தினால் 80 மெகாபிட் தேவை. பெட்டியில் 300 என்று அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதியே. தொலைவில் அமர்ந்து குறைந்த வேகத்தில் பேசும் ஒரு பழைய கருவி, மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே பரப்பளவை மட்டும் பார்க்காமல், தலைகளை எண்ணி அணுகுமுனைகளைத் தீர்மானிக்க வேண்டும். அவற்றை முதன்மைக் கருவியோடு ஈதர்நெட் கம்பியால் இணைப்பதே உறுதியானது. அந்தக் கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கட்டடங்களுக்கிடையே

தொலைவிலுள்ள இரு கட்டடங்களைத் திசை ஆண்டெனாக்களால் இணைக்கலாம். இதற்குப் பார்வைக்கோடு மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி பிரெனெல் வளையம் என்னும் பகுதியும் திறந்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்பின் நடுவே இதன் ஆரம் ஏறத்தாழ 12.5 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். உயரமான இடம் தேவை என்றாலும் எந்த உயரத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது. சிதறாலில் சமணச் சிற்பங்கள் உள்ள மலை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது.

தேனியின் அனுபவம்

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனி வலையமைப்பு. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிக் புரூவரின் தலைமையில், தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபையால் இணைத்தனர். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுவார். இணைப்பு அறுந்தால் கூலி வேலையை விட்டு வந்த முதியவர் மருத்துவரைப் பார்க்காமலே திரும்ப வேண்டும்.

வைஃபை சிறு தொலைவுக்காக உருவானது. 15 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 50 மைக்ரோவினாடி ஆகும். பதில் வருமுன் கருவி பொறுமையிழந்து மீண்டும் அனுப்பத் தொடங்கும். ஆய்வாளர்கள் முறைவைத்துப் பேசும் நேரப்பங்கீட்டு முறையைக் கொண்டுவந்து, வேகத்தை இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்த்தினர். இது 2007 இல் வெளியானது.

2008 இல் வெளியான அடுத்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. கருவிகள் பழுதாவதற்குத் தரமற்ற மின்சாரம் பெருங்காரணமாக இருந்தது. உள்ளூரில் பழுதறிய ஆளில்லாததும் தொல்லையானது. எனவே மின்காப்பு, தொலைவிலிருந்து கண்காணித்தல், முதன்மை இணைப்பு அறுந்தாலும் கருவியை எட்ட மாற்றுவழி, உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி ஆகியவை சேர்க்கப்பட்டன. அப்போது மாதம் 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்த வலையமைப்பால் பயன்பெற்றனர்.

மின்சாரமும் மின்னலும்

12 வோல்ட், 1 ஆம்பியர் எடுக்கும் ரௌட்டருக்கு 12 வாட் தேவை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி உண்டு. அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் மூன்றரை மணி நேரம் தாங்கும். ஐப்பசி இடிமழையிலும் கோடை மழையிலும் மின்னல் மிகுந்த மாவட்டத்தில் ஆண்டெனாக் கம்பத்துக்கு முறையான எர்த் கட்டாயம். கட்டடங்களுக்கிடையே செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை இட்டால், மின்னலின் மின்னோட்டம் அதன் வழியே பாயாது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2 குறியாக்கம் வேண்டும். கருவிகள் ஏற்குமானால் 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் நல்லது. தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றி, விருந்தினருக்குத் தனி வலையமைப்பு தர வேண்டும். தட எண், கடவுச்சொல் வைத்திருப்பவர், கம்பி செல்லும் வழி, மின்கலம் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஒருவருக்கு மேற்பட்டோர் அறியும் இடத்தில் வைக்க வேண்டும். அமைத்தவர் ஊரில் இல்லாத நாளிலும் வேறொருவர் அதைப் பார்த்துச் சரிசெய்ய முடிந்தால் வடிவமைப்பு முழுமையடைந்தது எனலாம்.