உங்களுக்குத் தெரியுமா? வெயில் ஊரிலும் வைட்டமின் டி குறையும்

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் உள்ள கீரனூரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அங்குள்ள பெண்களுக்கு வைட்டமின் டி குறையலாம். தோல் அதைத் தயாரிக்க யுவி-பி கதிர் வேண்டும். காலை 7 மணி இளவெயிலில் அது மிகக் குறைவு. திருப்பதியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரையே ஏற்ற நேரம் என்றது. அப்போதுதான் பலரும் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ இருக்கிறோம்.

முடி உதிர்வுக்கும் வைட்டமின் டி குறைவுக்கும் என்ன தொடர்பு? முடியின் வேர்ப்பையில் வைட்டமின் டி ஏற்பி உண்டு. அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதானால் குழந்தைக்குத் தலைமுடியே இல்லாமல் போவதுண்டு. முடி உதிரும் 80 பெண்களை கெய்ரோவில் மற்றவர்களோடு ஒப்பிட்டபோது (2013), வைட்டமின் டி-யும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவாக இருந்தன. அந்தக் குறைவால்தான் உதிர்ந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை (தேசிய குடும்பநல ஆய்வு, 2019–21). எனவே நம்மூரில் முடி உதிர்ந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் முதலில் பார்ப்பதே சரி. பிரசவமோ டெங்குவோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

மெடிக்கலில் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதினால் வாரம் ஒன்றுதான். தினமும் பாலில் கலந்து குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடலாம்.