நாணயத்தில் பச்சைப் பிசுக்கு ஏன்?

ஆறுமுகநேரி உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்; 1957-இல் வந்த வெண்கல ஒரு நயா பைசா தப்புமா? ஆனால் ஆல்பத்துக்குள்ளேயே நாணயத்தில் பச்சைப் பிசுக்கு ஒட்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உறையை.

அந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருக்கலாம்; பக்கத்துச் சாகுபுரம் ஆலையில் காஸ்டிக் சோடாவோடு தயாராவதும் இதே பி.வி.சி.தான். அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். தண்ணீர்க் குழாயாக இருந்தால் பாதகமில்லை. வளையும் உறையாக்க எண்ணெய் போன்ற மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். நாளடைவில் அது கசியும். வெப்பத்தில் பிளாஸ்டிக்கும் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். அமிலம் செம்பைத் தின்ன, பச்சை உப்பு படியும். வெள்ளி ரூபாயிலும் செம்புக் கலப்பு உண்டே!

கண்டுபிடிப்பது எளிது. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. புகை நல்லதல்ல, வெளியில் வைத்துச் செய்யுங்கள். புது ஷவர் திரை வாசனை வந்தாலும் சந்தேகம்தான்.

மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையோ பாலிபுரொப்பிலீனோ கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஊர் என்பதால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள்; ஈரமில்லாமல் உப்பும் அவ்வளவாக வேலை செய்யாது. பிசுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டதா? சுத்தமான அசிட்டோனில் ஊறவிடுங்கள், தேய்க்காதீர்கள்.