பிரிண்டர் இல்லாத கணினியில் பிரிண்ட் ஸ்பூலர் எதற்கு?

2021 ஜூலை தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஓர் அவசர அறிவிப்பை வெளியிட்டது. விண்டோஸில் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்ற பின்னணிச் சேவையில் பெரிய ஓட்டை இருந்தது. அந்தச் சேவையை நிறுத்தி முடக்கிவிடுங்கள், அல்லது வெளியிலிருந்து வரும் அச்சுக் கோரிக்கைகளையாவது தடுத்துவிடுங்கள் என்றது. அந்த ஓட்டைக்கு ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் வந்தது.

ஸ்பூலர் ‘சிஸ்டம்’ கணக்கில் ஓடுகிறது. சாதாரணப் பயனர் எவருக்கும் இல்லாத அதிகாரம் கொண்ட கணக்கு அது. அதற்குள் நுழைந்தவர் கையில் முழுக் கணினியும் வந்துவிடும். இன்னொரு கொடுமை, ஒரு பிரிண்டர்கூட இணைக்கப்படாத சர்வர்களிலும் அது தானாகவே தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த, ஈரானின் அணுசக்தித் திட்டத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் புழுவும் வலையமைப்புக்குள் பரவ ஸ்பூலரின் வேறொரு ஓட்டையைப் பயன்படுத்தியது. பதினோரு ஆண்டு இடைவெளியில் ஒரே சேவை இருமுறை வாசலாகியிருக்கிறது.

தேவையற்ற சேவைகளை நீக்குவது என்றாலே பலருக்கும் வேகம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் சும்மா காத்திருக்கும் சேவை பிராசசரைப் பெரிதாகத் தின்பதில்லை. விண்டோஸ் 7 முதல் பல சேவைகள் தேவை எழும்போது மட்டுமே விழித்துக்கொள்கின்றன. என் பார்வையில் பெரிய ஆதாயம் பாதுகாப்புதான். ஓடாத சேவைக்குள் எந்தப் புழுவும் நுழைய முடியாது.

சேவைகளின் பட்டியலைக் காண விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி ‘சர்வீசஸ் டாட் எம்எஸ்சி’ எனத் தட்டச்சு செய்ய வேண்டும் (ஆங்கிலத்தில்தான்). ஒரு சேவையை இருமுறை கிளிக் செய்தால் அதன் தொடக்க வகை தெரியும்: தானியங்கி, தாமதத் தானியங்கி, மேனுவல், முடக்கம். மேனுவல் என்றால் வேறொரு நிரல் கேட்டால் எழுந்துவிடும். முடக்கினால் யார் கேட்டாலும் எழாது. சந்தேகம் இருந்தால் மேனுவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதே ஜன்னலில் ‘டிபெண்டன்சீஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. பலர் திறந்தே பார்க்காத இடம் இது. இந்தச் சேவை எவற்றை நம்பி ஓடுகிறது, இதை நம்பி எவை ஓடுகின்றன என்று அங்கே இருக்கும். ‘ரிமோட் புரொசீஜர் கால்’ சேவையின் பட்டியலைப் பாருங்கள், நீண்டுகொண்டே போகும். விண்டோஸின் பாதி உயிர் அதில் தொங்குகிறது. அதனால்தான் இன்றைய விண்டோஸ் அதன் நிறுத்தும் பொத்தானையே மங்கலாக்கி வைத்திருக்கிறது. ஸ்பூலரை முடக்கினாலும் ஒரு பின்விளைவு உண்டு: காகிதத்தில் மட்டுமல்ல, ‘பிரிண்ட் டூ பிடிஎஃப்’ வழியாகவும் அச்சிட முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு சேவையை மட்டும் மாற்றுங்கள். பழைய அமைப்பைக் குறித்துவைத்துவிட்டு, சில நாள் வழக்கம்போல் வேலை செய்து பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் ‘ஒரே கிளிக்கில் சுத்தம்’ நிரல்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே மூச்சில் பல சேவைகளை மாற்றிவிட்டால், பிறகு வைஃபை வேலை செய்யாதபோது எதைத் திருப்பிப் போடுவது?

முடக்குவது வேறு, அழிப்பது வேறு. ‘எஸ்சி டெலீட்’ கட்டளை சேவையின் பதிவை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்துவிடும். நிரலின் கோப்புகள் வட்டில் அப்படியே கிடக்கும். விண்டோஸின் சொந்தச் சேவைகள் மேல் இதைப் பயன்படுத்தவே கூடாது. மற்ற நிறுவனங்களின் மென்பொருள் என்றால் முறையாக அன்இன்ஸ்டால் செய்வதே முதல் வழி. அதன் பிறகும் சேவை மட்டும் எஞ்சி, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ‘ஈவென்ட் வியூவரில்’ 7000 என்ற எண்ணோடு பிழை பதிவானால், அப்போது அந்தக் கட்டளைக்கு வேலை இருக்கிறது. அதற்கு முன் ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சேவைக்குரிய பகுதியை ஏற்றுமதி செய்து, ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கட்டளையைக் கமாண்ட் ப்ராம்ப்ட்டில், நிர்வாகி உரிமையோடு இடுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் ‘எஸ்சி’ என்பது கோப்பில் எழுதும் கட்டளையின் சுருக்கம். அங்கே இட்டால் சேவை அழியாது, ‘டெலீட்’ என்ற பெயரில் ஒரு கோப்புதான் உருவாகும்.