உதைக்கும் கால், ஊன்றும் கால்

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் சாயங்காலம் பந்தாடும் பையன்களின் கால்களை மட்டும் கவனியுங்கள். வலது காலால் உதைப்பவன் ஒவ்வொரு உதைக்கும் இடது காலைத்தான் ஊன்றுகிறான். உடம்பின் பாரத்தைத் தாங்கித் திரும்புவது அந்தக் கால்தான், கைதட்டல் மற்றதற்கு. 1998 உலகக் கோப்பை ஆட்டங்களை ஆராய்ந்தபோது, வீரர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வலது கால்காரர்கள் என்று தெரிந்தது. அபூர்வமாக மற்றக் காலால் ஆடியபோதும் அவர்களின் திறமை குறையவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆக, இரண்டு காலும் ஒன்றுபோல் இல்லாதது குறையல்ல. ஆபத்து பின்தொடையில் இருக்கிறது. வேகமாக ஓடும்போது முன்னே வீசும் காலுக்குக் கடிவாளம் போடுவது பின்தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்க வேண்டிய கடினமான வேலை அது. பலம் போதாவிட்டால் கிழிகிறது.

2008இல் வெளியான ஆய்வு ஒன்று 462 தொழில்முறை வீரர்களைப் பின்தொடர்ந்தது. கருவியால் அளந்தபோது தொடைத் தசைப் பலம் சமமாக இருந்தவர்களில் 4.1 சதவீதம் பேருக்குப் பின்தொடைக் காயம்; ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் விட்டவர்களில் 16.5 சதவீதம். ஆனால் 2016இல் கத்தாரில் 614 வீரர்களிடம் நடந்த ஆய்வில், யாருக்குக் காயம் வரும் என்பதை இந்த அளவீடு தெளிவாகக் காட்டவில்லை. கருவியை ஜோசியமாக நம்ப வேண்டாம். பலவீனமான காலைப் பலப்படுத்துவதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

ஏற்றத்தாழ்வை அதிகம் உண்டாக்குவது பழைய காயம். வலி போனதும் பையன் மைதானத்துக்கு ஓடிவிடுகிறான். தசை இன்னும் தேறியிருக்காது. 2001இல் சுரங்கம் மூடியபின் இந்த ஊரில் ஏராளமானோர் பிழைப்புக்காக விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய்வருகிறார்கள். அப்படிப் போய்வருபவனுக்கு முழங்கால் போனால் ஆட்டத்தோடு கூலியும் போகும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சோதிக்க ஒரு சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் போதும். கோட்டிலிருந்து ஒற்றைக் காலால் தொடர்ந்து மூன்று தாவல், நிலைகுலையாமல் நில், அளந்துகொள். பிறகு மற்றக் கால். அடிபட்ட கால் தாண்டிய தூரம் நல்ல காலுடையதில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வேண்டாம். அதைத் தொட்டாலும் தசை முழுதாகத் தேறியது என்று அர்த்தமில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்க்கட்டும். வலியில்லாத நாட்களில் மண்டியிட்டு உட்கார், நண்பன் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், முதுகு வளையாமல் மெல்ல மெல்ல முன்னால் சாய். பின்தொடை நடுங்கும். முதல் வாரம் ஐந்து முறை செய்தால் போதும்.