ஜெராக்ஸ் உருளைக்குள் ஒரு தாவல் பயணம்

மாணவ நண்பர்களே, சான்றிதழ் நகலெடுக்கத் திருமயம் கடைவீதிக்குப் போகும்போது, ஜெராக்ஸ் இயந்திரத்தின் உருளையைக் கழற்றும் நேரம் வாய்த்தால் எட்டி நின்று பாருங்கள். தொட்டுவிடாதீர்கள்! அது ஓர் அலுமினியக் குழாய். அதன்மேல் தலைமுடியின் பருமனைவிட மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. நகல் வேலை முழுவதும் அந்தப் பூச்சுக்குள்தான் நடக்கிறது.

மின்கம்பிக்கு உறையாகும் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் எப்படி நகரும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். தொடக்க கால நகல் இயந்திரங்களில் செலினியம் என்ற தனிமத்தைப் பூசினார்கள். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனம் கரிமப் பொருள் பூசிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று பெரும்பாலான உருளைகள் இவ்வகையே.

இருட்டில் உருளையின் மேற்பரப்பில் சில நூறு வோல்ட் அளவுக்கு எதிர்மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இக்கால இயந்திரத்தில் லேசர் ஒளி எழுத்துகளை அதன்மேல் வரைகிறது. ஒளி பட்ட இடத்தில், பூச்சின் அடிப்பகுதியில் நேர்மின்னூட்டங்கள் பிறக்கின்றன. இவற்றைத் 'துளைகள்' என்கிறோம்; எலக்ட்ரான் இல்லாத காலியிடம் என்பதே பொருள். துளைகள் மேலேறி அங்குள்ள எதிர்மின்னூட்டத்தை அழிக்க வேண்டும். அழிந்த இடத்தில்தான் மைத்தூள் ஒட்டும்.

இந்த மேலேற்றம் எளிதன்று. சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. அங்கே பயணம் திருமயம் கோட்டைக்குப் படிக்கட்டில் ஏறுவது போன்றது. உருளைப் பூச்சிலோ, மின்னூட்டம் ஏற்கும் மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. படியை விட்டுவிட்டுக் குன்றின் மறுபக்கத்துப் பாறைகளில் தாவித் தாவி ஏறினால் எப்படியிருக்கும்? ஒரு பாறை அருகில், ஆனால் உயரம். இன்னொன்று சமமட்டம், ஆனால் எட்டாத் தொலைவு. துளைக்கும் இதே சங்கடம்தான். இடைவெளி சற்றுக் கூடினாலும் தாவும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும்.

மூலக்கூறுகளுக்கிடையே ஆற்றல் வேறுபாடு ஏறக்குறைய 0.1 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலை தரும் வெப்ப ஆற்றலோ 0.025 தான்! எனவே துளை காத்திருக்கிறது. வெப்ப அதிர்வு தற்செயலாகக் கூடுதலாகக் கிடைக்கும்போது தாவுகிறது. செம்புக் கம்பியில் சூடு ஏறினால் மின்தடை கூடும் என்று படித்திருக்கிறீர்கள். இங்கே நேர்மாறு; ஊட்டிக் குளிரைவிடத் திருமயத்துச் சித்திரை வெயிலில் துளைகள் விரைவாக நகரும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பூச்சின் தடிமன் சுமார் 25 மைக்ரோமீட்டர். ஒரு தாவல் ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஆக, குறைந்தது 25,000 தாவல்கள்! பக்கவாட்டில் அலைவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆனாலும் மின்புலம் மேல்நோக்கி இழுப்பதால், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே பயணம் முடிந்துவிடுகிறது. மைத்தூள் வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மதிப்பெண் மங்கலாகத்தான் விழும்.

பாறைகளுக்கிடையே ஆழமான குழிகளும் உண்டு. மாசு மூலக்கூறுகளும், வெளிச்சத்தால் கெட்டுப்போன மூலக்கூறுகளும் அத்தகையவை. அவற்றில் விழுந்த துளை எளிதில் வெளியேறாது. அப்போது முன்பு எடுத்த பக்கத்தின் நிழல் அடுத்த நகலில் பேய்போல் தெரியும். கடைக்காரர் புதிய உருளையைக் கறுப்புத் தாளில் சுற்றியபடியே வைத்திருப்பது இதனால்தான்.