மாத்திரையே தலைவலி ஆனால்

விடியும் முன்னே போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவரா நீங்கள்? தூக்கக் குறைவு, தள்ளிப்போகும் காலைச் சாப்பாடு, மலைப்பாதையின் வளைவுகள்... தலைவலிக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் அன்றைய வேலை ஓடிவிடும். ஆனால், "மாத்திரை போடலேன்னா தலையே தூக்க முடியல" என்ற நிலை வந்துவிட்டதென்றால், அந்த மாத்திரையே வலியைத் தக்கவைத்துக்கொண்டிருக்கலாம்.

பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டியும் போட்டுவந்தால் இந்தத் தலைவலி வரக்கூடும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே கணக்கு. முதுகுவலிக்குப் போட்டதும் இதில் சேரும். மாத்திரை போட்ட நாட்களை போன் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு எந்த ஸ்கேனையும்விட அதுதான் உதவும்.

சிகிச்சை, அந்த மாத்திரையை நிறுத்துவதுதான். சொல்வது சுலபம், முதல் வாரம்தான் பாடு. வலி கூடும், குமட்டும், தூக்கம் கெடும். "இது இல்லாம ஆகாதுப்பா" என்று பலர் மறுபடி மாத்திரைக்குப் போவது இங்கேதான். பெரும்பாலும் 2 முதல் 10 நாளில் இது தணியும். தலைவலி நன்றாகக் குறைய இரண்டு மாதம்கூட ஆகலாம். நாலு நாள் கூலி போனால் வீடு தாங்காது என்பது உண்மைதான். அதனால் காய் எடுப்பு மும்முரமான நாட்களில் தொடங்காமல், வேலை குறைந்த வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

வலி திரும்ப வராமலிருக்கத் தனி மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்றான ப்ரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். டிரமடால், கோடீன், தூக்க மாத்திரை தினமும் எடுப்பவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளில் கை வைக்கவே வேண்டாம்.

போடி அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். கீழே இறங்கி வர நேரமில்லை என்றால் 104-ல் ஆலோசனை கேளுங்கள். இ-சஞ்சீவனி செயலியில் டாக்டரிடம் வீடியோவில் இலவசமாகப் பேசலாம்.

திடீரென இடி விழுந்தாற்போல் தலைவலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், செடிக்கு மருந்தடித்த பின் வாந்தி, வியர்வை, பார்வை மங்கல் — இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.